ரிப்பன் மாளிகை பக்கம்: சென்னை மாநகராட்சி பற்றிய அக்டோபர் கேள்விகள்

கேள்வி: சொத்து வரிச் சலுகைக்குக் கடைசி நாள் 31-ம் தேதிதானே?
- வாசகர், பெரம்பூர்

இல்லை, 30. சென்னையில் இரண்டாம் அரையாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டு வரி 2,400 ரூபாய் என்றால் 120 ரூபாய் குறையும். மாதத்துக்கு 31 நாள் இருக்கிறதே என்று காத்திருப்பவர்கள்தான் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

இணையத்தில் கட்டும்போது ரசீது எண்ணைப் பிரித்துப் போடுங்கள்: முதல் 2 இலக்கம் மண்டலம், அடுத்த 3 வார்டு, பிறகு 5 இலக்க பில் எண், கடைசி 3 துணை எண். 2011-ல் 155 வார்டுகள் 200 ஆனபோது எண்கள் மாறிவிட்டன. அதனால் அதற்கு முந்தைய ரசீது உதவாது. திரையில் வரும் பெயரையும் கதவு எண்ணையும் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். ஒரு இலக்கம் தவறினால் அடுத்தவர் வரியை நீங்கள் கட்டியிருப்பீர்கள்.

கேள்வி: சொத்து வரி கட்டியாயிற்று. குடிநீர் வரி என்று தனியாகக் கேட்கிறார்களே?
- வாசகி, அயனாவரம்

அது வேறு கணக்கு. குடிநீர், கழிவுநீர் வரி சென்னைக் குடிநீர் வாரியத்துக்குப் போகிறது. ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். இரண்டு ரசீதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழைக்கு முன்பே தெருவில் கறுப்புத் தண்ணீர் தேங்குகிறது. மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொன்னால் குடிநீர் வாரியத்தைக் கேள் என்கிறார்கள், வாரியத்தில் மாநகராட்சியைக் கேள் என்கிறார்கள்.
- வாசகர், வியாசர்பாடி

தண்ணீர் எந்த மூடி வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள். சாலையின் நடுவே இருக்கும் வட்ட மூடி என்றால் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய், வாரியத்தின் பொறுப்பு (044-4567 4567). சாலையோரம் வரிசையாகக் கிடக்கும் சதுரப் பலகைகள் மழைநீர் வடிகால், மாநகராட்சியுடையது (1913).

சிக்கலே மூன்றாவது வகைதான்: மழையில்லாத நாளிலும் வடிகாலில் சாக்கடை ஓடுவது. யாரோ கழிவுநீரை வடிகாலில் இணைத்திருக்கிறார்கள். “அடைப்பு” என்று பதிந்தால் தூர்வாரிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள். இரண்டு நாளில் பழையபடி வரும். ஆகவே “மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்பு, வெயில் நாளிலும் ஓடுகிறது” என்றே சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் பதிந்து, ஒன்றின் புகார் எண்ணை மற்றதில் குறிப்பிடுங்கள். படம் எடுத்தால் அருகிலுள்ள கதவு எண் தெரிய வேண்டும். வேலை நடக்காமலே “முடிந்தது” என்று குறுஞ்செய்தி வந்தால், பழைய எண்ணைச் சொல்லி மறுபடி பதியுங்கள்.

கேள்வி: எங்கள் தெரு விஷயத்தை மன்றக் கூட்டத்தில் பேசவைக்க முடியுமா?
- வாசகர், சைதாப்பேட்டை

அவசரப் பிரச்சினைகளைப் பேசும் ‘நேரமில்லா நேரத்தில்’ கவுன்சிலர் எழுப்பலாம். மேயர் பதிலும் சொல்வார், செய்தியிலும் வரும். ஆனால் ஒரு தெருவின் வேலை ரிப்பன் மாளிகையில் தொடங்குவதில்லை. வார்டு பொறியாளர் மதிப்பீடு போட்டால்தான் மண்டலத்தில் கோப்பு நகரும். எனவே மண்டலக் குழுக் கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலரிடம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: தெருப் பெயர், எந்தக் கதவு எண்ணிலிருந்து எதுவரை, தோராயமாக எத்தனை மீட்டர், இதுவரையான புகார் எண்கள். இவை இல்லாத நாலு பக்கப் புலம்பல் மேசையிலேயே தூங்கும்.

கேள்வி: ஒவ்வொரு முறை தார் போடும்போதும் வீடு பள்ளமாகிறது. இதற்கு விதி இல்லையா?
- வாசகி, கொளத்தூர்

இருக்கிறது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்திலேயே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். சுரண்டும் வேலையும் போடும் வேலையும் வெவ்வேறு நாளில் நடப்பதால், எவ்வளவு எடுத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. சுரண்டுவதற்கு முன்பே வாசல்படி விளிம்பிலிருந்து சாலை வரை டேப் வைத்து அளந்து படமெடுங்கள். புதுத் தார் போட்ட அன்றே அதே இடத்தில் மறுபடி அளந்து, படியின் உயரம் குறைந்திருந்தால், அதாவது சாலை உயர்ந்திருந்தால், இரண்டு படத்தையும் உதவிப் பொறியாளரிடம் காட்டுங்கள்.