கையுறை போட்டும் பைக்கில் விரல்கள் விறைத்துப்போகின்றன, என்ன செய்வது?

டிசம்பர் கடைசியில் கோவையிலிருந்து இருட்டோடு கிளம்பி ஊட்டிக்கு பைக்கில் வரப்போவதாகவும், போன வருடம் கையுறை போட்டிருந்தும் குன்னூர் தாண்டியதும் விரல்கள் மரத்துப்போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கீழே ஒரு நண்பர், "ஆறாயிரம் ரூபாய்க்கு நல்ல கையுறை வாங்குங்கள், பிரச்சினை முடிந்தது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நான் ஊட்டியில் பதினோரு வருடம் பேப்பர் ஏஜென்டாக இருந்தவன். விடியற்காலை நாலரை மணிக்கு சேரிங் கிராஸ் பக்கம் பண்டலை எடுத்து, பிரித்து, ஒரு பகுதியைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு, பெர்ன்ஹில், முத்தோரை, பாலாடா, இத்தலார், எமரால்டு வரை நானே 100 சிசி வண்டியில் போட்டுவிட்டு வருவேன். லடாக் போய் வந்தவர்கள், "ஊட்டியெல்லாம் ஒரு குளிரா?" என்று கேட்பார்கள் என்று தெரியும். கேட்கட்டும். அவர்கள் லடாக் போவது பெரும்பாலும் ஜூலையில், பத்து நாள். நான் ஓட்டியது ஜனவரியில், தினமும், சூரியன் வருவதற்கு முன்னால்.

முதலில் உங்கள் வழியைப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஆக, மேட்டுப்பாளையத்தில் 18 டிகிரியில் டீ குடித்துவிட்டு ஏறுகிறவர், இரண்டு மணி நேரத்துக்குள் 6 டிகிரியில் நிற்கிறார். பள்ளத்தாக்கில் இன்னும் குறைவு. குளிர்ந்த காற்று கனமானது; இரவெல்லாம் சரிவிலிருந்து இறங்கி அடியில் போய்த் தேங்கும். மேட்டில் உள்ள தேயிலைக்கு ஒன்றும் ஆகாமல், கீழே பாலாடாவின் காய்கறித் தோட்டங்கள் மட்டும் உறைபனியில் வெளுத்துக் கிடப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் வண்டியின் வேகம் இருக்கிறது. 5 டிகிரி குளிரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திறந்த தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழேதான். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைதான் அந்தக் காற்றை முதலில் வாங்குகிறது.

இப்போது என் கதை. உங்களுக்கு அவசரம் என்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் படிக்கலாம். ஆனால் பதிலே இதற்குள்தான் இருக்கிறது.

2014 ஜனவரி, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. அப்போது நானும் உங்களைப் போலத்தான். கோவைக்குப் போய் 1,800 ரூபாய்க்குத் தோல் கையுறை வாங்கி வந்திருந்தேன். கைக்கு அச்சாக, கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது. கடைக்காரர், "போடப்போடத் தளர்ந்துவிடும்" என்றார். அந்த நாளில் எனக்கு அது பெரிய பணம். வீட்டில் விலையைக் குறைத்துத்தான் சொன்னேன்.

முத்தோரை இறக்கத்தில் வருகிறேன். ஐந்தேகால் மணி இருக்கும். கேரட் அறுவடைக்கு எங்கள் பக்கம் நள்ளிரவுக்கு மேலேயே ஆட்கள் வயலில் இறங்கிவிடுவார்கள். விடிவதற்குள் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டும். கழுவிய தண்ணீர் சாலையில் வழிந்து செம்மண் குழம்பாகக் கிடந்தது. வளைவில் மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று பின்னால் நகர்ந்து சாலைக்கு வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். விரல்கள் மடங்கவில்லை என்று சொல்ல மாட்டேன், மடங்கின. எவ்வளவு அழுத்துகிறேன் என்பதுதான் கைக்குத் தெரியவில்லை. மரக்கட்டையால் பிடித்த மாதிரி முழுதாக இறுக்கிவிட்டேன். முன் சக்கரம் பூட்டிக்கொண்டு, சேற்றில் வழுக்கி, நானும் வண்டியும் நூற்றுச் சொச்சம் பேப்பரும் ஆளுக்கொரு பக்கம் போனோம். முட்டி தேய்ந்ததோடு சரி.

கேரட் ஆட்கள்தான் தூக்கிவிட்டார்கள். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அவசரமாகக் கையுறையைக் கழற்றி, வெளுத்துப்போன விரல்களை நெருப்புக்கு நேராக நீட்டினேன். செய்யக்கூடாத காரியம் அது. மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் தெரியாது. ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கியபோது நகக்கண்களில் ஊசி ஏற்றுவது போல வலித்தது. அடுத்த பத்து நாள் விரல்கள் சிவந்து வீங்கி, இரவில் போர்வைக்குள் போனதும் அரிப்பெடுத்து, தூக்கமே இல்லை. மெதுவாக, வெதுவெதுப்பான தண்ணீரில் சூடேற்றியிருக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். சிலர் ஓரமாக நிறுத்தி என்ஜினையோ சைலன்சரையோ தொட்டுக் கை காய்வதைப் பார்க்கிறேன். அதுவும் இதே வேலைதான்.

அங்கே கேரட் தழையை அறுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, அம்பது வயது இருக்கும், எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரலைப் பார்க்கவில்லை. கையுறை முடிகிற இடத்துக்கும் ஜெர்கின் கை தொடங்குகிற இடத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது. அதைத் தொட்டு, "தம்பி, கதவைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே அடுப்பு மூட்டுகிறீர்களே" என்றார். அவர் கையில் கருநீலத்தில் இரண்டு வெள்ளைக் கோடு போட்ட பள்ளிக்கூடத்துக் காலுறை இருந்தது. பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, கணுக்காலுக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இழுத்துவிட்டிருந்தார். மகனுடையதாம், குதிகால் கிழிந்துவிட்டதாம். அதன் மேல் ரப்பர் கையுறை. இரண்டு மணியிலிருந்து ஈரத்தில் வேலை செய்கிற கை அது. 1,800 ரூபாய்க் கையுறையோடு நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் பையனின் பழைய காலுறையை வெட்டினேன். பத்து நாள் கழித்து, வீக்கம் வடிந்ததும் மாட்டிக்கொண்டு போனேன். பாலாடா வரை விரல் விரலாகவே இருந்தது. நம்பாதவர்கள் வெட்டிப் பார்க்கட்டும், செலவு ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். விரல் தானாகச் சூட்டை அதிகம் உண்டாக்கிக்கொள்வதில்லை. ரத்தம் கொண்டுவந்து தருவதுதான். மணிக்கட்டில் ரத்தக்குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது, டாக்டர் நாடி பார்ப்பதே அங்கேதான். அதைக் காற்றில் விட்டால், போகிற வழியிலேயே ரத்தம் ஆறிவிடும். நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்துவிட்டாலோ இன்னும் மோசம். உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற வேண்டும் என்று உடம்பு முடிவு செய்து, கைக்குப் போகிற குழாய்களைச் சுருக்கிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் ஆறாயிரம் ரூபாய்க் கையுறை போட்டாலும், அது குளிர்ந்த கையைக் குளிராகவே பொத்தி வைத்திருக்கும். இறுக்கமான கையுறை என்றால் கேட்கவே வேண்டாம். வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நெரித்துவிடும். உள்ளே விரலை அசைக்க இடம் வேண்டும், அங்கே நிற்கும் காற்றுதான் உண்மையான போர்வை.

நல்ல கையுறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் சண்டைக்கு வர வேண்டாம். விழுந்தால் உள்ளங்கையைக் காப்பது தோல்தான், அன்று என் உள்ளங்கை பிழைத்ததும் அதனால்தான். வசதி இருந்தால் தண்ணீர் புகாத, நீளமான, ஜெர்கின் கைக்கு மேலே ஏறுகிற கையுறையாக, ஓர் அளவு பெரிதாக வாங்கி, உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வசதி இல்லையென்றால் கம்பளிக்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போதும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் காற்று நுழையாது. நீண்ட நேரம் ஓட்டினால் உள்ளே வியர்க்கும். ஈரமானால் கழற்றிக் கம்பளியை மாற்ற வேண்டும். நெஞ்சுக்கு, ஸ்வெட்டருக்கும் ஜெர்கினுக்கும் நடுவே ஒரு பேப்பரை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இது என் தொழில் ரகசியம். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் என்றால் இணைப்புகளோடு கூடுதல் தடிமன்.

பேப்பர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று சேற்றில் போனது போக மீதியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, வீங்கத் தொடங்கிய கையோடு, ஒரு மணி நேரம் தாமதமாக லைனை முடித்தேன். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாதக் கடைசியில் பில்லில் அந்த ஒரு நாள் காசைக் கழித்துத்தான் கொடுத்தார். "ஈரப் பேப்பரை எப்படிப் படிப்பது?" என்றார். நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே மனிதர் ஒவ்வொரு ஜனவரியிலும் இலவசக் காலண்டர் இரண்டு கேட்டு வாங்குவார், ஒன்று மகளுக்காம். மூன்று மாத பாக்கியோடு வீட்டை மாற்றிக்கொண்டு போனவர்களின் பட்டியல் இன்றும் என் நோட்டில் இருக்கிறது. இப்போது எல்லோரும் போனில் படிக்கிறார்கள், நானும் லைனை விட்டுவிட்டேன். போகட்டும்.

பைக் பக்கம் செய்யக்கூடியவை சில உண்டு. ஹேண்டிலுக்கு மேல் மாட்டுகிற உறை, என்னைக் கேட்டால், எந்தக் கையுறையையும் விட மேல். நான் சீட் கவர் தைப்பவரிடம் பழைய ரெக்சினும் கிழிந்த கம்பளியும் கொடுத்து 250 ரூபாய்க்குத் தைத்துக்கொண்டேன். வாய் அகலமாக இருக்க வேண்டும், கை தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். என்னுடைய முதல் உறை தளர்வாக இருந்ததால் காற்றில் உள்வாங்கி பிரேக் லீவரை லேசாக அழுத்திக்கொண்டே வந்தது. பின்னால் வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது, வழியெல்லாம் பிரேக் விளக்கு எரிந்திருக்கிறது. உள்ளே ஒரு கம்பி வைத்துத் தைத்ததும் சரியானது.

மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடியும் கிடைக்கிறது. ஜோடி 30, 40 வாட் இழுக்கும், அதாவது பழைய 100 சிசி வண்டியின் ஹெட்லைட் அளவு. பெரிய வண்டி என்றால் தாங்கும். சின்ன வண்டியில் மாட்டிய என் நண்பர், பனிமூட்டத்தில் பேட்டரி இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாட்டுவதானால் சாவியை அணைத்ததும் அதுவும் அணைகிற மாதிரி இணைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, அது உள்ளங்கையைத்தான் சூடாக்கும். புறங்கையில் அடிக்கிற காற்றை நிறுத்தாது.

வழியில் மரத்துவிட்டால், நிறுத்துங்கள். பர்லியாறிலோ குன்னூரிலோ டீக்கடை இல்லாமல் போகாது. டீயைக் குடிப்பதற்கு முன் தம்ளரைச் சற்று நேரம் கையுறையோடே இரண்டு கையாலும் பிடித்திருங்கள். இல்லாவிட்டால் கையைத் தோளிலிருந்து காற்றாடி மாதிரி இருபது முப்பது சுற்று வேகமாகச் சுற்றுங்கள், ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். அக்குளில் வைப்பதும் நல்லது. சிகரெட் வேண்டாம், அது குழாயை இன்னும் சுருக்கும். உங்கள் நண்பர்கள் வைத்திருக்கும் பாட்டிலும் வேண்டாம். சூடு ஏறுவது போலத் தோன்றும், உண்மையில் உடம்பு சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. வீட்டில் சாதாரணக் குளிருக்கே விரல்கள் வெள்ளையாகவோ நீலமாகவோ மாறுகின்றன என்றால் அது வேறு விஷயம், டாக்டரைப் பாருங்கள்.

நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகள் நுழைவதற்கான இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம் தாண்டினால், குன்னூருக்கு அப்பால் கேத்திக்கு வரும்போது வெயில் விழுந்திருக்கும், பாதிக் கஷ்டம் இல்லை. ஆனால் நீங்கள் உறைபனியைப் படம் பிடிக்கத்தான் இருட்டில் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள். அப்படியானால் காலுறையை வெட்டும்போது கணுக்கால் வரை மட்டும் உள்ள குட்டைக் காலுறையை எடுத்துவிடாதீர்கள், முழங்கை வரை ஏறாது. பள்ளிக்கூடத்துக் காலுறைதான் சரியான நீளம்.