நோட் ஜேஎஸ் ப்ராஜெக்ட், பேக்கேஜ்-லாக் ஃபைல் கிட்இக்னோர்ல இருக்கு. நான் எதையும் மாத்தல, லோக்கல்ல பில்டு நல்லா ஓடுது, சிஐ-ல (கோடை ஏத்தினதும் தானா பில்டும் டெஸ்டும் ஓட்டுற மெஷின்) மட்டும் இன்னிக்கு ஃபெயில் ஆகுது. ஏன்?

நோட் ஜேஎஸ் ப்ராஜெக்ட், பேக்கேஜ்-லாக் ஃபைலை (எந்த பேக்கேஜ்ல எந்த வெர்ஷன்னு துல்லியமா பதிஞ்சு வைக்கிறது) கிட்இக்னோர்ல (கிட் சேர்த்துக்கக் கூடாத ஃபைல்களோட பட்டியல்) போட்டிருக்கோம்னு கேள்வியிலயே சொல்லிட்டீங்க, எனக்கு முதல் சந்தேகம் அதுமேலதான். முதல் வேலையா அதைக் கமிட் பண்ணுங்க.

நீங்க மாத்தல, சரி, நீங்க யூஸ் பண்ற பேக்கேஜ்ல யாராவது மாத்திருப்பாங்க. பேக்கேஜ் ஜேசன்ல (ப்ராஜெக்ட்டுக்கு எந்தெந்த பேக்கேஜ் வேணும்னு எழுதற ஃபைல்) ^1.4.0 னு இருந்தா 1.4.0 தான் வேணும்னு இல்ல, 1.4.0 லேருந்து 2.0.0 க்கு கீழ எது வந்தாலும் ஓகேன்னு அர்த்தம். உங்க லேப்டாப்ல எப்பவோ இறங்கின வெர்ஷன் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்ல அப்படியே கிடக்கு, ரேஞ்சுக்குள்ள இருக்கிறதால பேக்கேஜ் இறக்குற டூலான என்பிஎம் அதைத் தொடாது, ஆனா சிஐ மெஷின் ஒவ்வொரு தடவையும் வெறும் கையோட ஆரம்பிக்குது, லாக் ஃபைல் இல்லன்னா அன்னிக்கு எது புதுசோ அதைத்தான் இழுக்கும்.

2022 ஜனவரில இதுதான் நடந்துச்சு. டெர்மினல்ல எழுத்துக்கு கலர் குடுக்கிற கலர்ஸ்னு ஒரு சின்ன பேக்கேஜ், அதை எழுதினவரே 1.4.1 ல முடிவில்லாத லூப் ஒண்ண வச்சு ரிலீஸ் பண்ணிட்டார், லாக் இல்லாம ^1.4.0 வச்சிருந்தவங்க கன்சோல்ல குப்பை குப்பையா கொட்டிச்சு, லாக் ஃபைல்ல 1.4.0 னு பதிவாயிருந்தவங்க பில்டுக்கு ஒண்ணும் ஆகல.

கமிட் பண்ணதும் சிஐ-ல என்பிஎம் இன்ஸ்டாலை எடுத்துட்டு 'என்பிஎம் சிஐ' (இங்க சிஐ-ன்னா க்ளீன் இன்ஸ்டால்) போடுங்க. அது பழைய ஃபோல்டரை அழிச்சுட்டு லாக்ல இருக்கிறதை மட்டும் இறக்கும், ஜேசனும் லாக்கும் ஒத்துப்போகலன்னா எரர் குடுத்து நின்னுடும், இன்ஸ்டால் மாதிரி சத்தமில்லாம லாக்கை மாத்தி எழுதாது. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச குணம். வெர்ஷன் ஏத்தணும்னா டிபெண்டபாட் மாதிரி தானா வெர்ஷன் ஏத்துற பாட் ஒண்ணு தனி புல் ரிக்வெஸ்ட்டா (இந்த மாற்றத்தைச் சேர்க்கலாமான்னு கேக்கிறது) போடட்டும், டெஸ்ட் பாஸானா மெர்ஜ் பண்ணுங்க.

லாக் ஃபைல் எல்லாத்துக்கும் மருந்து இல்லதான். 2016 ல லெஃப்ட்-பேடுன்னு 11 வரி பேக்கேஜை எழுதினவர் ரெஜிஸ்ட்ரிலேருந்தே (எல்லாரும் பேக்கேஜ் இறக்குற பொது இடம்) தூக்கிட்டார், லாக் இருந்தாலும் இறக்க பேக்கேஜ் வேணுமே, அதனால பெரிய டீம்னா வெர்டாச்சியோ மாதிரி சொந்த ப்ராக்ஸில (ரெஜிஸ்ட்ரிக்கும் உங்களுக்கும் நடுவுல நிக்கிற உங்க சர்வர்) ஒரு காப்பி வச்சுக்கோங்க.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்லயும் (கிட்ஹப்லயே சிஐ ஓட்டுற வசதி) இதே ஓட்டை இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. டேகை (ஒரு கமிட்டுக்கு வச்ச வெர்ஷன் பேரு) அந்த ரெப்போல எழுத அனுமதி இருக்கிறவங்க, இல்ல அந்த அனுமதியைத் திருடினவங்க, பின்னாடி வேற கமிட்டுக்கு நகர்த்தலாம், 2025 மார்ச்ல சேஞ்ச்டு-ஃபைல்ஸ்னு ஒரு ஆக்‌ஷனோட டேகை அப்படி நகர்த்தி, சிஐ ஓடும்போது பதிவாகற அவுட்புட்லயே சீக்ரெட்ஸ் (பாஸ்வேர்டு, டோக்கன் மாதிரி ரகசியங்கள்) கொட்டுற மாதிரி பண்ணாங்க. மத்தவங்க ஆக்‌ஷனுக்கு வி4 னு டேக் போடாம 40 எழுத்து கமிட் ஹேஷ் (அந்த ஒரு கமிட்டுக்கு மட்டுமான அடையாளம்) போடுங்க.

இதெல்லாம் பண்ணியும் ஃபெயில் ஆனா ரெண்டு பக்கமும் நோட் வெர்ஷன் ஒண்ணான்னு பாருங்க, அப்புறம் இம்போர்ட்ல ஃபைல் பேரோட பெரிய எழுத்து சின்ன எழுத்தைப் பாருங்க, விண்டோஸும் மேக்கும் சாதாரணமா கண்டுக்காது, சிஐ-ல ஓடுற லினக்ஸ் விடாது.