கட்டை அவிழ்க்காதீர்கள்

வணக்கம். என் தாத்தா கிராமக் கர்ணம், ஊரின் நிலக் கணக்கு எழுதியவர். 1980-ல் அந்தப் பதவி ஒழிந்த பிறகு அவருடைய காகிதங்கள் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் கிடந்தன. ஒரு பெட்டியைப் பிரித்து நிலம், கோயில், கடிதம், இதர என்று அடுக்கிவிட்டேன். பட்டியலில் 'ஃபாண்ட்ஸ்' என்பதற்கு 'நிதியம்' என்று எழுதலாமா?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நிதியம் வேண்டாம், அது பணத்துக்கான சொல். ஒருவரோ ஓர் அலுவலகமோ தன் வேலையின் போக்கில் சேர்த்த காகிதம் மொத்தத்தையும் அந்தப் பிரெஞ்சுச் சொல் குறிக்கும். 'தொகுதி' போதும்.

பெட்டியைப் பிரித்து அடுக்கினீர்களே, யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? தாத்தா மேல் உள்ள பிரியம் தெரிகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய காகிதங்களைத் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் 'கட்டு' என்பார்கள். அதைவிட நல்ல சொல் இந்த வேலைக்குக் கிடையாது. ஓர் அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) நகல், ஒரு கடிதம், ஒரு கோயில் ரசீது மூன்றும் ஒரே நூலில் கட்டியிருந்தால், ஒரே சர்வே எண் தகராறுக்காகச் சேர்ந்தவையாக இருக்கலாம். அந்த முடிச்சுதான் சாட்சி. மூன்றையும் மூன்று பக்கம் போட்டதும் சாட்சி போய்விட்டது. பொருள்வாரியாகத் தேட வேண்டுமென்றால் அகராதி வரிசையில் ஓர் அடைவு (இண்டெக்ஸ்) போடுங்கள். அடைவில் ஒரு காகிதம் பத்துத் தலைப்பில் வரலாம், பெட்டியில் ஒரே கட்டில்தான் இருக்க முடியும்.

'இதர' என்பதை அடித்துவிடுங்கள். உள்ளே என்ன என்று சொல்லாதது தலைப்பே இல்லை.

இரண்டாவது பெட்டியைத் திறந்ததும் படம் எடுங்கள். கட்டுகளுக்கு மேலிருந்து கீழாக எண் எழுதிய சீட்டுச் செருகுங்கள். ஒன்றை முடித்த பிறகே அடுத்ததை அவிழ்க்க வேண்டும். தாளின் பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால் 4/1, 4/2 என்று, அதாவது நாலாம் கட்டின் முதல் தாள், இரண்டாம் தாள் என்று எழுதுங்கள். பேனா கூடாது, மை மறுபக்கம் ஊறும்.

ஆவணங்களைப் பட்டியலிடுவதற்கான பன்னாட்டு விவரிப்பு விதியில் (ISAD(G)) 26 கூறுகள் உண்டு. குறியெண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, நிலை ஆகிய ஆறும் அவசியம். நிலை என்றால் தொகுதியா, வரிசையா, கட்டா, தனித்தாளா என்பது. தாத்தாவின் வாழ்க்கைக் குறிப்பு தொகுதி மட்டத்தில் ஒரு முறை வந்தால் போதும், கட்டுதோறும் வேண்டாம். காலத்தில், ஃபசலியை (வருவாய்க் கணக்கு ஆண்டு) அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கில ஆண்டைப் போடுங்கள். ஃபசலி 1380 என்பது 1970 ஜூலை 1 முதல் 1971 ஜூன் 30 வரை. வெறுமனே 590 கூட்டி 1970 என்று எழுதினால் 1971 தை மாதக் காகிதம் ஒரு வருஷம் பின்னால் போய்விடும்.

பிரித்த பெட்டியிலும் கொஞ்சம் மீட்கலாம். நூல் துளை, குண்டூசித் துரு, மடிப்புக் கோடு மூன்றையும் பாருங்கள். ஒரே இடத்தில் துருக்கறை உள்ள தாள்கள் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தவையாக இருக்கும். அப்படிச் சேர்த்ததை, 'துருக்கறை பார்த்துச் சேர்த்தது' என்றே குறிப்பில் எழுதிவையுங்கள்.