ஃப்ரேயா என்று வைக்கலாமா?

தோழி, மகளுக்கு ஃப்ரேயா என்று வைக்க உங்களுக்கும் கணவருக்கும் ஆசை, மாமியாருக்கு அது வாயிலேயே நுழையவில்லை, சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் வேறு என்று எழுதியிருக்கிறீர்கள்.

சிரிப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஸ்டாலின், லெனின் என்று ரஷ்யப் பெயர்களைக் கூசாமல் வைத்த ஊர் நம்முடையது. இன்றைய ஸ்டாலின் 1953 மார்ச் 1-ல் பிறந்தவர். நான்கு நாளில் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார். இப்போது அந்தப் பெயரை யாராவது அந்நியம் என்கிறார்களா?

மாமியார் விஷயம் வேறு. குழந்தையை நாள் முழுக்கக் கூப்பிடப்போவது அவர்தான். ‘பிரேயா’ என்றுதான் வரும், தடுப்பூசி போடும் இடத்திலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது காதுக்கு உறுத்தவில்லை என்றால் தாராளமாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் திருத்தத் தோன்றினால் வேண்டாம், நீங்களே சலித்துப்போவீர்கள். ஃப்ரேயா வடநாட்டு ஐரோப்பியரின் பழைய தெய்வம், பூனைகள் இழுக்கும் தேரில் போகிறவள். இந்தக் கதையை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், மனசு மாறலாம்!

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை வழி உண்டு. ஆனால் சான்றிதழில் தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்தையும் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். அப்புறம் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரு எழுத்துக்காக அலையவிடுவார்கள்.