சிறு வயதில் ஒரே மேடையில் ஆடிய நண்பனிடம் இத்தனை வருடங்களுக்குப் பிறகு என்ன கதைப்பது?

கேள்வி: பள்ளிக்கூட வயதில் என்னோடு ஒரே மேடையில் நடித்த நண்பரின் தொலைபேசி எண் இருபது வருடங்களுக்குப் பிறகு கிடைத்திருக்கிறது. எப்படிக் கதையைத் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்களுக்கு இப்படி அனுபவம் உண்டா?

உண்டு. "இப்ப என்ன வேலை, எத்தனை பிள்ளைகள்" என்று மட்டும் தொடங்காதீர்கள். அந்த மேடையில் அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் போன ஏதாவது ஒன்று இருக்கும். அதைக் கேளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், எங்கள் கூத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் வலிகாமப் பக்கம். வெங்காயமும் புகையிலையும் செய்கிற செம்மண் கிராமம். அம்மன் கோயில் பொங்கலோடு காத்தவராயன் கூத்துப் போடுவார்கள். துள்ளிக் குதிக்கிற ஆட்டம் இதில் இல்லை. பாட்டும், பாட்டோடு போகிற சிந்துநடையும்தான். உடுக்கும் தாளமும் ஆர்மோனியமுமாக இரவு பத்து மணிக்குத் தொடங்கினால், காத்தவராயன், எங்கள் பேச்சில் காத்தான், தான் காதலித்த ஆரியமாலைக்காகக் கழுமரம் ஏறும்போது கிழக்கு வெளுத்துவிடும். பிள்ளைக்கு வருத்தம் மாறினால் கூத்தில் ஆடவிடுகிறேன் என்று தாய்மார் அம்மனுக்கு நேர்த்தி வைப்பது வழக்கம். எனக்கு அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்து கிடந்தபோது என் அம்மாவும் அப்படி நேர்ந்துகொண்டார். அப்படித்தான் நான் கூத்துக்குள் வந்தேன்.

விடியவிடியக் காத்தானாக ஒரே ஆள் பாடமுடியாது. கதையிலும் காத்தான் குழந்தையிலிருந்து வளர்ந்து ஆளாகிறான். அதனால் ஒரே காத்தானைப் பலர் பங்குபோட்டு ஆடுவார்கள். எத்தனை பேர் என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மூன்று பேரை வைத்திருந்தார். முதல் காத்தான் என் நண்பன், அண்ணாவியாரின் தங்கை மகன். இரண்டாவது நான். மூன்றாவது, கழுமரம் ஏறுகிற பெரிய காத்தான், ஊரில் கமம் செய்துகொண்டிருந்த ஓர் அண்ணை. நானும் நண்பனும் ஒரே வகுப்பு. அவன் கட்டை, நான் நெட்டை. அதனால்தான் அவன் சின்னக் காத்தான், நான் வளர்ந்த காத்தான்.

ஆள் மாறுகிற இடம்தான் கூத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் காத்தான் பாடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது காத்தான் திரைக்குப் பின்னாலிருந்து அதே பாட்டைப் பாடியபடி வெளியே வருவான். இரண்டு பேரும் ஒரே நடையில் மேடையைச் சுற்றுவார்கள். பிறகு முதல் காத்தான் தன் தோளில் கிடக்கும் சிவப்புச் சால்வையை எடுத்து மற்றவன் தோளில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவான். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று சனம் விளங்கிக்கொள்ளும். யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இந்த வழக்கம் எங்கள் அண்ணாவியாருடையது. வேறு ஊர்களில் வேறு மாதிரி இருக்கலாம்.

நாங்கள் ஆடியது 1994இல். போரால் 1990இலேயே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. பற்றரி தடை, மண்ணெண்ணெய் யானை விலை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். ஆனாலும் கூத்துக்கென்று வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் சேர்த்து இரண்டு பெற்றோல்மக்ஸ் கொளுத்தினார்கள். அந்த வெளிச்சத்தில், முகத்துக்குப் பூசுகிற முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து என் முகத்தில் அப்பியபோது, எண்ணெய் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. சால்வை என் தோளில் விழும்போது அவன் மெல்லிய குரலில் "கண்ணைத் திற" என்றான். அது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருடம், 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கிவர வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பி நடந்தது. மழை. தென்மராட்சிக்குப் போகிற நாவற்குழிப் பாலத்தடியில் சனம் அடி வைக்க இடமில்லாமல் நின்றது. அண்ணாவியார் கூத்துப் பாட்டுகளை எழுதிவைத்திருந்த கொப்பி அவர் வீட்டு றங்குப் பெட்டிக்குள் கிடந்தது. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. நாங்கள் 1996இல் ஊருக்கு வந்தோம். நண்பனின் குடும்பம் தென்மராட்சியிலிருந்து வன்னிக்குப் போய்விட்டது. அதோடு தொடர்பு அறுந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு இணையத்தில் ஒரு மரண அறிவித்தல் பார்த்தேன். எங்கள் அண்ணாவியார் வவுனியாவில் மகள் வீட்டில் காலமாகியிருந்தார். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல்களில் கடைசியில் "தொடர்புகளுக்கு" என்று போட்டு, மகள் இலங்கை, மகன் கனடா, மருமகன் பிரான்ஸ் என்று வரிசையாக எண்கள் இருக்குமல்லவா, அதில் அந்த மருமகன், தங்கை மகன், என் நண்பன்தான்.

அன்றிரவே எடுத்தேன். அனுதாபம் சொன்னேன். அவன் "நீங்கள்" என்றான், நானும் "நீங்கள்" என்றேன். பரிஸில் ஒரு றெஸ்ரோரண்ட் சமையலறையில் வேலை, இரண்டு பெண்பிள்ளைகள். நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, ஒரு மகன். அவ்வளவும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்கு மேலே போனால் வன்னியில் என்ன நடந்தது, யார் யாரை இழந்தார்கள் என்ற கதைக்குள்தான் போகவேண்டும். இத்தனை வருடம் கழித்து எடுத்த முதல் அழைப்பில் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவனும் அந்தப் பக்கம் போகவில்லை.

அப்போதுதான் எனக்கு நெடுநாளாக இருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். "நான் வர முதல் நீ மேடையில என்ன பாடினனி?" உண்மையாகவே எனக்குத் தெரியாது. அவன் பாடிய நேரம் முழுவதும் நான் திரைக்குப் பின்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தேன். முத்துவெள்ளை பூசுகிறவர் தலையைத் திருப்ப விடவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடேய், உன்ர பாட்டும் எனக்குத் தெரியாது. சால்வையைத் தந்திட்டு உள்ள போனவுடன சாக்கில படுத்து நித்திரையாப் போனன். மாமா தூக்கிக்கொண்டு போய் வீட்டில விட்டவர்" என்றான்.

இரண்டு பேரும் ஒரே காத்தானாக ஆடினோம். ஆனால் ஒருவர் ஆடியதை மற்றவர் பார்க்கவே இல்லை. அந்த இரவில் எனக்குத் தெரியாத பாதி இவ்வளவு காலமும் அவனிடம் இருந்திருக்கிறது.

அதிலிருந்து கதை நிற்கவில்லை. வேலை முடித்து நடுச்சாமத்தில் மெற்றோவுக்கு நடக்கும்போது வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவான். சில நாள் சொற்கள் வராது, வெறும் மெட்டு மட்டும் வரும். சில நாள் மெட்டும் வராது, "இந்த இடத்தில மூன்று அடி முன்னுக்கு, ரெண்டு பின்னுக்கு" என்று காலடி மட்டும் வரும். காலடியை வைத்து மெட்டைப் பிடித்து, மெட்டை வைத்துச் சொல்லைப் பிடிப்போம். நான் ஒரு புதுக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இடது பக்கம் அவனுடைய பாட்டு, வலது பக்கம் என்னுடையது.

ஒரு இடத்தில் கடும் வாக்குவாதம் வந்தது. சால்வை மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து பாடிய அடி அது. அவன் நீட்டிப் பாடுகிறான், எனக்கோ பாதியில் முடிகிறது. சேர்ந்து பாடிய பாட்டு எப்படி இரண்டு மாதிரி இருக்கும்? ஆளாளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஓகஸ்ட் விடுமுறைக்கு அவன் பிள்ளைகளோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, அன்றைக்கு ஆர்மோனியம் வாசித்த ஐயாவிடம் இருவருமாகப் போனோம். வயது எண்பதுக்கு மேல், காது மந்தம். முதலில் அவனைப் பாடச் சொன்னார், பிறகு என்னை. கேட்டுவிட்டு, "ரெண்டும் சரி" என்றார். எனக்கு அப்போது குரல் உடையத் தொடங்கிவிட்டதாம். உச்சத்தில் பிசகினால் சனத்துக்கு முன்னால் பெடியன் கூசிப்போவான் என்று அண்ணாவியார் எனக்கு மட்டும் அந்த அடியைப் பாதியில் நிறுத்திக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிற்பாட்டுக்காரரைப் பாடவைத்தாராம். எனக்கு அதை ஒருநாளும் சொன்னதில்லை. என் பாட்டே அவ்வளவுதான் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவருடைய செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்கவில்லையே என்ற கவலை எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக வந்தது. நண்பன் என் முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

அவன் வன்னிக் கதையைச் சொன்னது அன்று மாலை, கோயில் வீதியில் இருந்தபோது. நான் கேட்கவில்லை. தானாகச் சொன்னான். அதை இங்கே எழுதமாட்டேன், அது அவனுடையது.

அதனால்தான் உங்களுக்கும் அப்படிச் சொல்கிறேன். நலம் விசாரித்தால் பழக்கமான பதில்தான் வரும். இரண்டு பேருக்கும் சங்கடம். மேடையில் அவர் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது, உங்களுக்கு முதல் அவர் என்ன வசனம் பேசினார், பழக்கிய வாத்தியார் அவரிடம் தனியாக என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவருக்கு மறந்திருந்தாலும் பரவாயில்லை. உங்களுக்கு ஞாபகமுள்ளதைச் சொல்லுங்கள், பிழை என்றால் திருத்துவதற்காவது வாய் திறப்பார். நீங்கள் மரியாதைக்கு அழைக்கவில்லை, அவரிடமிருந்து ஒன்று வேண்டித்தான் அழைக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் இது இன்னும் முக்கியம். ஊரிலிருந்து வரும் அழைப்பென்றால் காசுக்குத்தான் என்று நொந்துபோனவர்கள் பலர். பாட்டுக் கேட்டு வந்த அழைப்பு அவனுக்கு அதுதான் முதல் தடவையாம்.

எங்கள் கொப்பியில் இன்னும் மூன்றாவது பங்கு வெறுமையாக இருக்கிறது. பெரிய காத்தானாக ஆடிய அண்ணை 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனவர்களில் ஒருவர். அவருடைய மனைவி ஊரில்தான் இருக்கிறார். அண்ணை தோட்டத்துக்கு இறைக்கும்போதெல்லாம் பாடிப் பாடிப் பழகியதால் அக்காவுக்குப் பாட்டுகள் பாதிக்கு மேல் பாடமாம். ஆனால் இந்தக் காலம் முழுவதும் அவர் வாய்விட்டுப் பாடியதில்லை. இந்த வருடம் நான் தனியே போய்க் கேட்டபோது, "தம்பி, சின்னக் காத்தானும் வரட்டும், ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லுறன்" என்றார். அவன் அடுத்த ஓகஸ்டுக்கு ரிக்கற் போட்டுவிட்டான்.