அஞ்சு சாமானுக்கு எட்டாயிரமா?

கேள்வி: புது வீட்டு ஹாலுக்கென்று என் மகன் ஆன்லைனில் ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறான். வெள்ளையில் இரண்டு குப்பி, மூன்று கிண்ணம். பூ இல்லை, கோடு இல்லை. 'மினிமலிஸ்ட் செராமிக், கைவேலை' என்று 8,500 ரூபாய் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: ஜாடியைச் சொன்னீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியக் குயவர் க்வின் ஹான்சன் பிகாட் (1935–2013) கோப்பை, கிண்ணம், குப்பி என்று வீட்டுச் சாமான்களையே பீங்கானில் வனைந்து, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கலையாக்கினார். எது உயரம், எது குட்டை, நடுவில் எவ்வளவு இடம் என்பதில்தான் அவர் கைவண்ணம். அந்தக் கண்ணுக்குக் காசு கொடுக்கலாம். அச்சில் வார்த்த ஐந்து சாமானுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

வெறுங்கிண்ணத்துக்குச் செலவழிப்பது உங்கள் கரைக்குப் புதிதும் அல்ல. பக்கத்துப் பெரியபட்டினத்தில் தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் பாத்திரங்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

பணம் கட்டுமுன் விற்பவரிடம் கேளுங்கள்: சுட்ட மண்ணா, ஸ்டோன்வேரா (அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகச் சுட்டது), பீங்கானா? 'செராமிக்' என்றால் மூன்றும் அடக்கம். சக்கரத்தில் வனைந்ததா, அச்சா? அடிப்பாகத்துப் படமும் அனுப்பச் சொல்லுங்கள். சாமான் வந்ததும் அடியில் பளபளப்புப் பூச்சில்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று குடித்துவிட்டால் பெரும்பாலும் சுட்ட மண்தான். மண் மட்டமில்லை, பீங்கான் விலை சொன்னால்தான் தப்பு. கடலோர வீட்டில் பூச்சில்லாத மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்து, மேல்பகுதி உதிரவும் செய்யும். கடலைப் பார்த்த ஜன்னலில் வைக்காதீர்கள்.

அலங்காரச் சாமானில் ஊறுகாய், புளி வேண்டவே வேண்டாம். பூச்சில் ஈயம் இருந்தால் புளிப்பு அதை இழுத்து இறக்கிவிடும்.

பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். உடைந்தோ, சொன்னதற்கு மாறாகவோ வந்தால் 'ரிட்டர்ன் கிடையாது' என்று கைவிரிக்க 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இடமில்லை. மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போடுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் மகனிடம் ஒரு வாரம் தவணை வாங்குங்கள். உங்கள் ஜாடி, மானாமதுரைக் குடுவை ஒன்று, இரண்டு கலயம். ஷெல்பில் தள்ளித் தள்ளி நிறுத்திப் பார்க்கட்டும். அப்புறமும் அந்த வெள்ளைச் செட்டையே கேட்டால் வாங்கிக்கொள்ளட்டும்.