ஆசியாவிலிருந்து ஐரோப்பா வரை ரயிலிலேயே செல்வதற்கு எங்கிருந்து திட்டமிடத் தொடங்க வேண்டும்?

கிழக்கு ஆசியாவில் புறப்பட்டு மேற்கு ஐரோப்பா வரை இயன்ற அளவு ரயிலிலேயே செல்ல விரும்புவதாகவும், அதற்கு இரண்டு மூன்று மாத அவகாசம் இருப்பதாகவும், முதலில் எந்த ரயிலுக்கு முன்பதிவு செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்னுடைய பதில், எந்த ரயிலுக்கும் இப்போது முன்பதிவு செய்யாதீர்கள் என்பதுதான். ஒரு நாட்டுக்குள் ஓடும் ரயிலைத் தவறவிட்டால் பெரும்பாலும் அதே நாளோ மறுநாளோ இன்னொன்று கிடைத்துவிடும். ஓர் எல்லையைக் கடக்க முடியாமல் போனால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை ஏற்பாடுகளும் சரிந்துவிடும். ஆகவே நான் இப்பயணத்தைத் திட்டமிட்டபோது ரயில் அட்டவணைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கடக்க வேண்டிய எல்லைகளை மட்டும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் இன்றைய நிலை என்ன என்று பார்ப்பதில்தான் தொடங்கினேன்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் அடிபட்டுப் போவது பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் சைபீரியப் பாதை. மாஸ்கோவுக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் இடையே 9,289 கிலோமீட்டர் நீளும், 1891-இல் தொடங்கி 1916-இல் முழுமையடைந்த அந்தப் பாதையில் இன்றும் ரயில்கள் ஓடுகின்றன. சிக்கல் அதன் இரு முனைகளிலும் இருக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து மங்கோலியா வழியாக மாஸ்கோ வரை வாரந்தோறும் சென்ற நேரடி ரயில் 2020-இல் நிறுத்தப்பட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் ஹெல்சின்கிக்கும் இடையே ஓடிய அலெக்ரோ ரயில் 2022 மார்ச் மாதம் நின்றது. 2023 இறுதியில் ஃபின்லாந்து தன் கிழக்கு நில எல்லையையே மூடிவிட்டது. போதாக்குறைக்கு, ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா (Visa), மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 முதல் அங்கே செல்லாது என்பதால் பயணச் செலவு முழுவதையும் ரொக்கமாகச் சுமந்து செல்ல வேண்டும். இவ்வளவையும் தாண்டிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். முதல் முறை செல்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சுவது தெற்கே உள்ள பாதை: சீனா, கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான், காஸ்பியன் கடல், காகசஸ் (அஜர்பைஜான், ஜார்ஜியா), துருக்கி, பல்கேரியா. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து தொடங்குவதும் இப்போது எளிதாகிவிட்டது. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட லாவோஸ்–சீனப் பாதையில், 2023 ஏப்ரல் முதல் லாவோஸ் தலைநகர் வியஞ்சானிலிருந்து தென்மேற்குச் சீனாவின் குன்மிங் வரை எல்லை தாண்டும் பயணிகள் ரயில் ஓடுகிறது. குன்மிங்கிலிருந்து வடமேற்குச் சீனாவின் உரும்சி வரை உள்ள தூரத்தைச் சீனாவின் ரயில்களே பார்த்துக்கொள்ளும். அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையையும் சீனப் புத்தாண்டையும் தவிர்த்துவிட்டால் அங்கே கவலைப்பட அதிகமில்லை.

உரும்சிக்கு மேற்கேதான் உண்மையான திட்டமிடல் தொடங்குகிறது. சீனாவின் பாதை அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம், 1,435 மில்லிமீட்டர். கசகஸ்தான் உள்ளிட்ட முன்னாள் சோவியத் நாடுகளில் 1,520. இந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக, நேரடிப் பெட்டியாக இருந்தால் எல்லை நிலையத்தில் பெட்டிகளைத் தூக்கி அடியிலுள்ள சக்கரத் தொகுதிகளை மாற்றுவார்கள். அல்லது பயணிகள் இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டும். இதனுடன் இரு நாட்டுக் குடிவரவு, சுங்கச் சோதனைகளும் சேர்ந்து பல மணி நேரத்தை விழுங்கிவிடும். ஆகவே சீன–கசகஸ்தான் எல்லையான கோர்காஸைக் கடக்கும் நாளில் கசகஸ்தானின் அல்மாட்டியிலிருந்து இணைப்பு ரயில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். பழைய வழிகாட்டி நூல்களை வைத்து நேரத்தைக் கணக்கிடவும் வேண்டாம். கசகஸ்தான் 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதும் ஒரே நேர மண்டலத்துக்கு மாறிவிட்டது. சீன அட்டவணைகளோ உரும்சியிலும் பெய்ஜிங் நேரத்தையே காட்டும்.

உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா ஆகிய மூன்றும் பயணத்தின் மிக இனிய பகுதி. ரயில்களும் நன்றாக இருக்கும். தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு அஃப்ரோசியோப் அதிவேக ரயில் சுமார் இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடும். அதன் இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. கிடைக்காவிட்டால் அதே தடத்தில் மெதுவாகச் செல்லும் ரயில்கள் இருக்கின்றன, எனவே அதற்காக மொத்தத் திட்டத்தையும் வளைக்கத் தேவையில்லை.

மொத்தத் திட்டமும் வளைய வேண்டிய இடம் காஸ்பியன் கடல். உஸ்பெகிஸ்தானிலிருந்து குங்கிராத், பெய்னெவு வழியாகக் கசகஸ்தானின் துறைமுக நகரான அக்தாவு வரை இருப்புப் பாதை உண்டு. அங்கிருந்து கடலைக் கடந்து அஜர்பைஜான் தலைநகர் பாகுவுக்கு அருகிலுள்ள அலாத் துறைமுகத்துக்குச் செல்பவை அடிப்படையில் சரக்குக் கப்பல்கள். சரக்கு ஏறி முடித்து, காற்றும் ஒத்துழைத்தால் புறப்படும், இல்லையென்றால் காத்திருக்கும். கப்பல் கிடைத்தாலும் தீராத இன்னொரு தடை இருக்கிறது. அஜர்பைஜான் தன் நில எல்லைகளைப் பயணிகளுக்கு 2020 மார்ச்சில் மூடி, அந்த உத்தரவை மீண்டும் மீண்டும் நீட்டித்து வந்தது. பாகுவிலிருந்து ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குச் சென்ற இரவு ரயிலும் அதனுடன் நின்றது. தரைவழிப் பயணத்தில் பிடிவாதமாக இருப்பவர்கள் துர்க்மெனிஸ்தான், ஈரான் வழியைச் சொல்வார்கள். துர்க்மெனிஸ்தான் விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும். ஈரானில் பாதுகாப்பு நிலைமை திட்டமிட்ட மாதத்துக்கும் புறப்படும் மாதத்துக்கும் இடையிலேயே மாறக்கூடியது. என்னைக் கேட்டால், இந்த ஒரு துண்டை மட்டும் விமானத்தில் கடந்து ஜார்ஜியாவில் இறங்கிவிடுவதே விவேகம். முழுப் பயணமும் தண்டவாளத்தில்தான் நடக்க வேண்டும் என்ற வைராக்கியத்துக்காகத் துறைமுக நகரம் ஒன்றில் நாள்களை எண்ணிக்கொண்டிருப்பதும், அதற்குள் அடுத்த விசாவின் தேதி கரைவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜார்ஜியாவுக்கும் துருக்கிக்கும் இடையே இருப்புப் பாதை இருந்தும் பயணிகள் ரயில் இல்லை என்பது விந்தை. பாகு–திபிலிசி–கார்ஸ் பாதை 2017 அக்டோபரில் திறக்கப்பட்டாலும் அதைப் பயன்படுத்துபவை சரக்கு ரயில்களே. எனவே திபிலிசியிலிருந்து படுமி வரை ரயில், பிறகு சார்ப் எல்லை வழியாகப் பேருந்து என்று கார்ஸ் அல்லது எர்சுரும் நகரை அடைய வேண்டும். அங்கிருந்து அங்காராவுக்குச் செல்லும் தோவு எக்ஸ்பிரஸ் ஒரு நாளுக்கும் மேல் ஓடும் அழகான ரயில். குளிர்காலத்தில் அதன் படுக்கைகளுக்குத் துருக்கிக்காரர்களிடையே கடும் போட்டி நிலவுகிறது. ஏப்ரல்–மே அல்லது செப்டம்பர்–அக்டோபரில் சென்றால் இடமும் கிடைக்கும், மத்திய ஆசியாவின் வெயிலும் குளிரும் தாங்கும்படி இருக்கும்.

இஸ்தான்புல்லில் ஐரோப்பிய ரயிலைத் தேடிப் பழைய சிர்கெஜி நிலையத்துக்குச் செல்லாதீர்கள். பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்கான ரயில் நகரின் மேற்கு ஓரத்திலுள்ள ஹல்கலியிலிருந்து புறப்படுகிறது. பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் 2013-இல் திறக்கப்பட்ட மர்மராய் சுரங்கப்பாதை ரயில் அங்கே வரை செல்லும். நள்ளிரவு கடந்து துருக்கி–பல்கேரிய எல்லையான கபிகுலேயில் அனைவரும் இறங்கி வரிசையில் நின்று கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். அன்றைக்குத் தூக்கம் இல்லை என்று முன்பே மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்வது நல்லது.

இந்த எல்லைதான் உங்கள் நாள்கணக்கை நிர்ணயிக்கும். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் நில எல்லைகளிலும் ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) முழுமையாக வந்துவிட்டதால், ஷெங்கன் நுழைவு வியன்னாவிலோ புடாபெஸ்டிலோ அல்ல, இங்கேயே நிகழ்கிறது. எந்த 180 நாள்களிலும் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம் என்ற கணக்கும் இங்கே தொடங்குகிறது. விசா தேவைப்படும் கடவுச்சீட்டு உங்களுடையதென்றால் பொதுவாக வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க முடியும், அதுவும் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னதாக முடியாது. ஆகவே கிளம்புவதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள். விசாவின் தொடக்கத் தேதிக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் நுழைவுத் தேதிக்கும் இடையே தாராளமாக இடைவெளி விடுங்கள். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பதே விதி. எல்லா நாடுகளிலும் சம நாள்கள் என்றால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. பிரிட்டனில் முடிப்பதாக இருந்தால் அதன் விசா தனி.

சோஃபியாவுக்கு அப்பால் சொல்ல அதிகமில்லை. பெல்கிரேடுக்கு அங்கிருந்து ரயில் இல்லாததால், பல்கேரியாவின் ரூசே அருகே டான்யூப் நதியைக் கடந்து ருமேனியாவின் புக்கரெஸ்ட், பிறகு இரவு ரயிலில் புடாபெஸ்ட், அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வியன்னா. ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கான, பல நாட்டு ரயில்களிலும் செல்லும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் துருக்கியிலும் செல்லும் என்றாலும், தூங்கும் பெட்டிகளுக்கு முன்பதிவுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷெங்கன் விசா கைக்கு வந்த பிறகு, தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள காஸ்பியன் விமானச் சீட்டை முதலில் வாங்குங்கள், ஏனெனில் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை எல்லாம் அதை ஒட்டியே நகரும். அடுத்து தோவு எக்ஸ்பிரஸ் படுக்கை, பிறகு அஃப்ரோசியோப். சீன ரயில்களுக்கு 15 நாள்களுக்கு முன்புதான் விற்பனை தொடங்கும் என்பதால் அவற்றைக் கடைசிக்கு விடலாம்; பெயரையும் எண்ணையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே கொடுங்கள், நிலையத்துக்குள் நுழையும்போது அதைத்தான் சரிபார்ப்பார்கள்.